பெட்டியோடு வந்த மருமகன்

நீங்கள் என்னிடமிருந்து பொறுப்பேற்றிருக்கும் மனநலக் கிளினிக் அறையில் நோயாளி இருக்கும் கதிரைக்கு ஒரு கால் மற்றவற்றைவிடக் கட்டை. அதை மாற்றித் தரும்படி உரிய படிவத்தில், உரிய வழியாக, உரியவர்களுக்குப் பலமுறை எழுதினேன். நான் ஓய்வுபெற்றுவிட்டேன்; கதிரை இன்னும் சேவையில் இருக்கிறது. ஆகவே ஒருவர் அதில் இருந்து ஆடுகிறார் என்பதற்காக உடனே ‘அமைதியின்மை’ என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். அவரை எழுப்பிவிட்டு முதலில் நீங்கள் இருந்து பாருங்கள்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது நீங்கள் எல்லோரும் வாய் வலிக்காமல் ஏ.டி.எச்.டி. என்று சொல்லும் நோய், சின்னப் பிள்ளையில் ஓடும், பாயும், மேசைக்கு மேல் ஏறும். நாற்பது வயதுக்காரர் மேசைக்கு மேல் ஏறமாட்டார். ஓட்டம் உள்ளே போயிருக்கும். வெளியே தெரிவது அரைகுறையாக விட்ட வேலைகள், தொலைந்த சாவிகள், கோபமான உறவினர்கள். முக்கியமாகக் கோபமான உறவினர்கள். நோயாளியை விட அவர்களைக் கவனமாகப் பரிசோதியுங்கள்.

இப்போது உங்களிடம் பலர் போனில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தாங்களே நோயைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்து, அறிகுறிகளை ஒன்று, இரண்டு என்று ஒழுங்காகச் சொல்லி முடிப்பார்கள். அவர்களுக்கு நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

வினாக்கொத்து ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. நல்ல வினாக்கொத்துதான், வேறொரு நாட்டில். வரிசையில் உங்கள் முறை வரும்வரை காத்திருப்பது கடினமா என்று அது கேட்கும். எங்கள் மருந்தகத்தின் முன்னால் ஒரு காலைப்பொழுது நின்றவர் அந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டார். மற்றவர் பேசும்போது குறுக்கிடுகிறீர்களா என்று கேட்கும். விதைப்புக்கு முன் நடக்கும் கமக்காரர் கூட்டத்தில் குறுக்கிடாமல் இருக்கும் ஒருவரைக் கண்டால் எனக்கு அறிவியுங்கள். அவருக்குத்தான் சிகிச்சை தேவை. ஆகவே வினாக்கொத்தை நிரப்புங்கள், கோவையில் கட்டுங்கள், பிறகு ஆளைப் பாருங்கள்.

ஆளைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்குத் தவராசாவின் கதையைச் சொல்கிறேன்.

தவராசா வந்த நாள் எங்கள் கிளினிக் நாளே அல்ல. நான் மாதாந்த அறிக்கையோடு தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே கிரான் என்ற ஊரில் இருந்து ஓர் ஓட்டோ வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து மூவர் இறங்கினார்கள். தவராசா, நாற்பது வயது, முழங்கால்வரை சேறு. மனைவி புஷ்பா, எதுவும் பேசாதவர். மாமியார் பூமணி அம்மா, மற்ற இருவருக்கும் சேர்த்துப் பேசுபவர். நாளைத் தெரிவுசெய்ததும் பூமணி அம்மாதான். கிளினிக் நாள் இதுதான் என்று அடித்துச் சொல்லி மற்ற இருவரையும் வேலையை விட்டு இழுத்து வந்திருந்தார்.

ஓட்டோவின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வெளி மாவட்டங்களில் இருந்து வந்த உங்களுக்கு அந்தப் பெட்டியை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவன் கொண்டுபோவது ஒரு பெட்டி உடுப்பு. ஆகவே மாமியாருக்கு மருமகனில் வெறுப்பு முற்றினால் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பெட்டியை அடுக்கினால் போதும்.

பூமணி அம்மா அடுக்கச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்குவது, அப்படியே தெற்கே குருக்கள்மடத்துக்குப் போய்த் தவராசாவையும் பெட்டியையும் அவருடைய தாயிடம் இறக்கிவிடுவது, மகளோடு கிரானுக்குத் திரும்புவது. இதுதான் அன்றைய நிகழ்ச்சிநிரல்.

“ஐயா, நான் சுத்தி வளைக்கல்ல. மருமகனாருக்கு மண்டையில பிழையெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க. ஓட்டோ நிக்குது” என்றார்.

குற்றப்பத்திரிகை நீண்டது. தவராசா கிரானின் வட்டை விதானை. ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு தொடர் வயல்வெளிக்கு, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதற்குக் கமக்காரர்கள் தெரிவுசெய்யும் ஆள். வாய்க்கால் மதகான துருசைத் திறப்பதும் நேரத்துக்குப் பூட்டுவதும் அவர் பொறுப்பு. அந்தக் கிழமை அவர் துருசைத் திறந்தார். வரம்பு வெட்ட மண்வெட்டி இல்லை என்று கண்டு அதை எடுக்கப் போனார். பொழுதுபடத் திரும்பி வந்தார். இடையில் சேற்றில் புதைந்த ஓர் உழவு இயந்திரத்தை இழுத்துவிட்டிருந்தார். இரண்டு பேருடைய எருமைச் சண்டையைத் தீர்த்துவைத்திருந்தார். யாருக்கோ கூரைத் தகரம் பிடித்துக் கொடுத்திருந்தார். மண்வெட்டி மட்டும் எடுக்கவில்லை. துருசடியில் இருந்த வயல் அதற்குள் வாவியாகியிருந்தது. அது பூமணி அம்மாவின் வயல். காலையில்தான் யூரியா போட்டது. உரம் முழுக்கக் கரைந்து கீழ்வயல்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. கீழ்வயல்காரரோடு பூமணி அம்மாவுக்குப் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இது கடைசிக் குற்றம். முந்தியவை வீட்டுப் பின்வளவில் கிடந்தன. கூரையில்லாத வாத்துக்கூடு, கதவில்லாத காளான் கொட்டில், பாதி வெட்டிய கிணறு. கூட்டில் இருக்க வேண்டிய வாத்துகள் கிணற்றில் குடியேறியிருந்தன. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கோயிலில் நூல் கட்டுவித்தார்களாம். நூலைத் தொலைத்துவிட்டார். இன்னொன்று கட்டினார்கள். அதையும் தொலைத்துவிட்டார்.

முதலில் அவர்களைப் பார்த்து என்னிடம் அனுப்பிய வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் ‘இருதுருவ நோய்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வேகமான பேச்சு, தொடங்கிய திட்டங்கள், கிணற்றில் வாத்து. யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் இருதுருவ நோய் ஒரு விருந்தாளி. வரும், வீட்டைத் தலைகீழாக்கும், சில காலம் போய்விடும். நாங்கள் தேடுவது வீட்டோடு பிறந்தது. இரண்டையும் பிரித்தறிய ஒரேயொரு வழிதான் இருக்கிறது: இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எப்படி இருந்தார்? அதைக் கேட்காமல் வளர்ந்த ஒருவருக்கு இந்த நோயின் பெயரைச் சூட்டாதீர்கள்.

முதலில் தவராசாவிடமே கேட்டேன். மறதி எப்போதிருந்து என்றேன். அவர் மனம் நொந்து சொன்னார்:

“மறதியில்ல சேர். மண்வெட்டி எடுக்கத்தான் போனன். போற வழியில எல்லாம் இருக்கு.”

பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக இருப்பதை அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் சின்ன வயதைக் கேட்டால் தெரியாது என்றார். யாருக்குத்தான் தெரியும்? பள்ளிக்கூட அறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லும் நடைமுறை. எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூட அறிக்கையைக் கேட்டால் அதைக் கொண்டுபோன கடலையும் வெள்ளத்தையும் கைகாட்டுவார்கள். மற்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

யன்னலால் ஓட்டோக்காரர் தலையை நீட்டினார். “அக்கா, வண்டிய எந்தப் பக்கம் திருப்பி விடுற? கிரானுக்கா, குருக்கள்மடத்துக்கா?”

“பொறு தம்பி, ஐயா எழுதப் போறாரு” என்றார் பூமணி அம்மா.

நெருக்கடி என்றால் உங்களுக்கு இரத்தமும் சைரனும் நினைவுக்கு வரும். எங்கள் துறையில் நெருக்கடி இப்படித்தான் வரும். ஒரு மனிதர் இன்றிரவு எந்த வீட்டில் படுப்பார் என்பது உங்கள் பேனையில் தொங்கும். வெளியே ஓட்டோ இயங்கிக்கொண்டிருக்கும். எல்லோரும் உங்கள் கையையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகத் திறமான காரியம் பேனையை மூடி வைப்பது. நான் மூடினேன். புஷ்பாவிடம் திரும்பி, கணவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

“வெள்ளம் வந்தா அவர் தங்கம் சேர்” என்றார் அவர். “வெள்ளம் வராட்டித்தான் பிரச்சினை.”

கிரான் பக்கம் மழைக்காலத்தில் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். வீதி எங்கே, வயல் எங்கே என்று தெரியாது. அப்போது யார் வீட்டில் கிழவி, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருடைய தோணி ஓட்டை என்று எல்லாம் தவராசாவின் தலைக்குள் ஒழுங்காக வந்து நிற்குமாம். ஊரே கலங்கும்போது அவர் மட்டும் தெளிந்திருப்பார். அதைப் பார்த்துத்தான் விதானையாக்கினார்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் வந்தால் நிமிர்ந்து நிற்பவர், அவசரமில்லாத செவ்வாய்க்கிழமையில் தடுமாறுவார். துருசு பூட்டுவது செவ்வாய்க்கிழமை வேலை.

பிறகு தாயாருக்குப் போன் எடுக்கச் சொன்னேன். புஷ்பா எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். குருக்கள்மடத்தில் இருந்து ஓர் அன்பான குரல் வந்தது. மகனுடைய சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

“என்ர புள்ளையா? ஒரு குழப்படியும் இல்ல ஐயா. இருத்தின இடத்தில அப்பிடியே இருப்பான்.”

பெற்ற தாயின் பாசம் ஒரு நோயறிதலைக் கெடுப்பதைப் போல வேறெதுவும் கெடுக்காது. மகனைக் காப்பாற்றுவதாக எண்ணி, அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரேயொரு சாட்சியத்தை அந்த அம்மா அழித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சரியாக இருந்து இடையில் குழம்பிய மூளை என்றால் பூமணி அம்மா கேட்ட துண்டுக்கு அரைவாசி தூரம் வந்தாயிற்று. நான் பேனையை மறுபடி எடுக்கலாமா என்று யோசித்தேன்.

அப்போது பக்கத்துக் கதிரையில் ஒரு வெடி வெடித்தது.

“இருத்தின இடத்திலயா? மச்சாள், கயித்தால கட்டி வைச்சா எவனும் இருத்தின இடத்திலதான் இருப்பான்.”

பூமணி அம்மா தவராசாவின் தகப்பனுடைய சொந்தத் தங்கை. எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை, முறை மாப்பிள்ளை. குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடம் அவனை வைத்திருக்க ஏலாது என்று கைவிட்டபோது, எட்டு வயதில் அவனைக் கிரானுக்கு அத்தை வீட்டுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அதுவரை மரியாதையாக ‘அவர்’, ‘மருமகனார்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் இப்போது ‘அவன்’ என்றார். கவனியுங்கள். ‘அவர்’ என்றவரை அது வழக்கு. ‘அவன்’ என்றதும் வரலாறு தொடங்கிவிட்டது.

உப்பு வாங்க அனுப்பினால் மீன்கொத்திக் குஞ்சோடு வருவானாம். உப்பு வராதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் மேசைக்குப் பக்கத்தில் இருத்தினாராம். கொஞ்ச நாளில் வாத்தியார் மேசையை மாற்றிக்கொண்டாராம். செருப்பு வாங்கிக் கொடுத்தால் ஒன்று மட்டும் வீடு வருமாம். பிலாமரத்தில் கட்டி வைத்தால், மரத்தில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு கட்டியதையே மறந்துவிடுவானாம். போனில் மச்சாள் ஏதோ மறுத்தார். பூமணி அம்மா போனையே மேசையில் கவிழ்த்துவிட்டுத் தொடர்ந்தார். நான் மறுபடி பேனையைத் திறந்து எழுதினேன். என் சேவைக்காலம் முழுவதும் அப்படியொரு சுத்தமான சிறுபராய வரலாறு எனக்குக் கிடைத்ததில்லை.

“அண்டையிலிருந்து இண்டைக்கு வரைக்கும் ஒரு நாள் மாறல்ல ஐயா” என்று முடித்தார். “இப்ப எழுதுங்க.”

“எழுதிட்டன் அம்மா. நீங்க சொன்னதுதான். பைத்தியமெண்டா இடையில வரும். இது கூடப் பிறந்தது. இதுக்குப் பேரும் இருக்கு, மருந்தும் இருக்கு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். வழக்கு முழுவதையும் தானே பேசி, தானே எதிர்த்தரப்பை வெல்ல வைத்த சட்டத்தரணியின் பார்வை அது. சந்தர்ப்பத்தை விடாமல் ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவும் தெரிந்துகொண்டா மகளைக் கட்டிக் கொடுத்தீர்கள்?

கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்திவிட்டு மறுபடி கவிழ்த்தார். 

“பெரிய வெள்ளத்தில என்னைத் தோளில தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான் ஐயா. வேற ஆருக்குக் குடுக்கிற?” என்றார். பிறகு, சொன்னதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு, “அதுக்காக உரம் போட்ட வயல்ல தண்ணி விடுறதா?” என்றார்.

இந்த இடத்தில்தான் நடைமுறை தெரிந்திருப்பது உதவும். மருந்து தொடங்கினால் வீட்டில் ஒருவர் நோயாளியை நாள்தோறும் கவனித்து வந்து சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அவர் சின்ன வயதிலும் பார்த்தவராக, உள்ளதை உள்ளபடி சொல்பவராக இருக்க வேண்டும் என்றேன். குருக்கள்மடத்துக்கு அனுப்பினால் தாயார் எல்லாம் தங்கம் என்பார், சிகிச்சை நாசமாகிவிடும். ஆகவே நடைமுறைப்படி தவராசா உங்கள் கண்பார்வையில்தான் இருக்க வேண்டும் என்று பூமணி அம்மாவிடம் சொன்னேன். அப்படி ஒரு நடைமுறை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லையே என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. முதற்பாதி இருக்கிறது. பிற்பாதி அதன் நியாயமான விரிவு.

பூமணி அம்மா நிமிர்ந்து இருந்தார். பதவி கிடைத்தவரின் இருப்பு. “அப்ப நாந்தான் பாக்கோணும்” என்றார்.

தீர்ப்பைத் தவராசாவுக்குச் சொல்லத் திரும்பினால் கதிரை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. எப்போது எழும்பிப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. யன்னலால் பார்த்தேன். ஓட்டோவின் பின்மூடி திறந்திருந்தது. ஓட்டோக்காரர் இயந்திரத்தில் ஏதோ சத்தம் என்றிருக்கிறார் போல. தவராசா இடைஞ்சலாக இருந்த தகரப் பெட்டியை ஒரு கையால் அநாயாசமாகத் தூக்கி மரத்தடியில் வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கை தீர்மானிக்கப்படும் நேரத்தில் ஒரு மனிதர் இன்னொருவருடைய ஓட்டோவைத் திருத்துகிறார். வினாக்கொத்தில் இதற்கு ஒரு கேள்வி இல்லை.

உள்ளே அழைத்து நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், நிறை பார்த்தேன். குடும்பத்தில் இதயநோய், குடி, நித்திரை எல்லாம் கேட்டேன். தைரொயிட்டுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னேன். இவற்றை நீங்கள் படித்திருக்கிறீர்கள், நான் நீட்டவில்லை. ஆனால் மருந்துக் குளிசைக்கு முன்பே ஒரு வேலை கொடுத்தேன். மண்வெட்டியைத் துருசடியிலேயே சங்கிலியால் கட்டி வை, எதையும் எடுக்கப் போகாதே, துருசு திறந்திருக்கும்வரை அங்கேயே இரு. “போற வழியில எல்லாம் இருக்கு” என்றவருக்குச் சிகிச்சை, போகும் வழியை இல்லாமல் செய்வது.

ஓட்டோ நல்ல சத்தத்தோடு கிளம்பியது. வடக்கே, கிரான் பக்கம் திரும்பியது. நான் அறிக்கைக்குத் திரும்பி, மாலையில் வெளியே வந்து பார்த்தால், தகரப் பெட்டி மரத்தடியிலேயே கிடந்தது. பெட்டிக்குப் பொறுப்பு பூமணி அம்மா.

அதை என் அலுமாரிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தேன். அடுத்த கிளினிக்குக்கு மூவரும் வந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் பிழையில்லை, குளிசை தொடங்கினோம். பெட்டியை நினைவூட்டினேன். புஷ்பா அவசரமாக, “இருக்கட்டும் சேர், மறுகா எடுப்பம்” என்றார். அதற்கடுத்த முறை தவராசா சொன்னார்:

“மண்டைக்குள்ள ஒரே நேரத்தில பாடின ரேடியோ எல்லாம் நிண்டிட்டு சேர். இப்ப ஒண்டுதான் தெளிவாக் கேக்குது.”

நல்லதுதானே என்றேன்.

“அது மாமிர குரல் சேர். பின்னேரத்துக் குளிசையக் கொஞ்சம் குறைக்க ஏலுமா?”

குளிசை யாரையும் ஞானியாக்காது என்பதை நோயாளிக்கும் வீட்டுக்கும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பசி குறையும், நித்திரை தள்ளிப்போகும், சில மாதங்களில் மருந்தகத்தில் அது இருக்காது. வாத்துக்கூட்டுக்கு இன்னும் கூரை வரவில்லை. ஆனால் துருசு நேரத்துக்குப் பூட்டுப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் தவராசாவே விதானை. மழைக்காலத்தில் எப்படியும் அவர்தான் விதானை.

கொஞ்ச நாள் கழித்துப் பூமணி அம்மா தனியே வந்தார். அன்றும் கிளினிக் நாள் அல்ல. பெட்டியை எடுக்க வந்ததாகச் சொன்னார். ஆடும் கதிரையில் இருந்தார். சுற்றிவளைக்காதவர் அன்று நன்றாகச் சுற்றிவளைத்தார். அடுப்பில் கருகிய கறிகள், முக்கால்வாசி பின்னி விட்ட பாய்கள், பேச்சுவார்த்தை முறிந்த ஆட்கள். கடைசியில், மருமகனுடைய குளிசையைத் தனக்கும் தரலாமா என்று கேட்டார். இந்த நோய் குடும்ப வழியாகவும் வரும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். தவராசாவுக்கு அவர் மாமியார் மட்டுமல்ல என்பதையும் மறந்திருக்க மாட்டீர்கள். பூமணி அம்மாவின் இரத்த அழுத்தத்துக்கு அந்தக் குளிசையை எடுத்தவுடன் கொடுக்க ஏலாது என்றேன். அதோடு, உங்கள் சின்ன வயதைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றேன்.

“ஆர் இருக்கிற ஐயா? மச்சாள்தான் விடுதிப் பள்ளிக்கூடத்தில ஒண்டாப் படிச்சவள்.” சொல்லிவிட்டு அவசரமாக எழும்பப் பார்த்தார்.

குருக்கள்மடத்து அம்மாவை அடுத்த முறை கூட்டிவந்தார்கள். மகனைப் பற்றி ஒரு குறையும் காணாத அந்த அன்பான குரல், மச்சாளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியது. சிறப்பான வரலாறு. வேறு சிகிச்சை, மெதுவான சிகிச்சை தொடங்கினோம். இருவரும் ஒரே ஓட்டோவில் சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள்.

பெட்டியை அன்றும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஓய்வுபெறும் கிழமை அறையை ஒப்படைக்க வேண்டும். உரிமை கோரப்படாத பொருளைத் திறந்து பார்த்து, உள்ளதைப் பதிந்து கையளிக்க வேண்டும் என்பது நடைமுறை. பெட்டிக்குப் பூட்டு இல்லை. திறந்தேன். தவராசாவின் சட்டை ஒன்றுகூட இல்லை, கட்டும் சாரம் இல்லை. வெறும் யூரியாச் சாக்குகள். உதறி, தூசு தட்டி, நாலாய் மடித்து, ஓர் உடுப்புப் பெட்டி எவ்வளவு நிறைந்திருக்குமோ அவ்வளவுக்கு அழகாக அடுக்கியிருந்தது.

அந்த அறையில் நான் பேனையைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் முன்பே ஒருவர் முடிவெடுத்துவிட்டார். நான் அவரைத்தான் எதுவும் பேசாதவர் என்று எண்ணியிருந்தேன்.

புஷ்பாவுக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

“அம்மா பெட்டிய அடுக்கு எண்டுதான் சொன்னவ சேர். என்னத்த அடுக்குறெண்டு சொல்லல்லயே.”

பெட்டி உங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாராவது அதைக் கேட்டு வந்தால் தேடுவதாகச் சொல்லுங்கள். அவசரப்பட்டுக் கெதியில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.